உதடு மூடும் சொல்

முப்பத்தோரு வருஷம் குரல் கொடுத்தேன்.
கொடுத்தேன் என்பதுதான் சரி.
திருப்பிக் கேட்டால் தருவார்களா என்று
அப்போது தோன்றவில்லை.

புடாபெஸ்ட், எட்டாம் வட்டாரம்,
தரைக்குக் கீழே ஓர் அறை, சுவரெல்லாம் பஞ்சு.
வளையல் ஆகாது, சரசரக்கும் துணி ஆகாது,
பசித்த வயிறும் ஆகாது; மைக் அதையும் பிடித்துவிடும்.
நாக்கு ஒட்டாமலிருக்க ஒரு பச்சை ஆப்பிள்.
சிவப்பு விளக்கு எரிந்ததும்
திரையில் யாரோ ஒருத்தி வாய் திறப்பாள்.
பேசுவது எட்டெல்காவாகிய நான்.

அவளை நேரில் பார்த்ததேயில்லை.
எந்த இடத்தில் மூச்சு இழுப்பாள் என்பது மட்டும்
அவள் புருஷனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.
அவள் கண்ணீருக்கு நான் விசும்பினேன்.
வேறு வேறு பெண்களாகப் பன்னிரண்டு தடவை செத்தேன்,
ஒருமுறை ஜலதோஷத்தோடு.
வியாழக்கிழமை இரவுகளில்
நாட்டின் பாதிச் சமையலறைகளில்
துப்பறியும் லெஃப்டினன்ட் நான்தான்.
காய்கறிக் கடையில் அரைக் கிலோ வெங்காயம் கேட்டால்
வரிசை திரும்பிப் பார்க்கும்,
முகத்தைக் கண்டதும் ஏமாந்து போகும்.

இதில் சிந்தனை எங்கே வந்தது என்கிறீர்கள்.
சொல்கிறேன்.

எங்கள் மொழியில் மறுப்பதற்கு 'நெம்'.
சொல்லி முடிக்கையில் உதடு மூடியாக வேண்டும்.
ஏழாம் பாகம், கதவருகே நிற்பவனிடம்
அவள் முடியாது என்கிறாள்.
அவள் மொழியில் அந்தச் சொல்லுக்கு
வாய் திறந்தே நிற்கிறது, குளோசப் வேறு.
பொருந்தவில்லை எட்டெல்கா, என்றான் லோரின்ட்ஸ்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.
பென்சிலால் அடித்துவிட்டு மேலே எழுதினான்: 'தலான்'.
ஒருவேளை, என்று அர்த்தம்.
அச்சாகப் பொருந்தியது.
ஒரே டேக். காபி குடிக்கப் போனோம்.

அந்த வாரம் எத்தனை கதவருகே
எத்தனை பேர் தலான் என்றார்களோ.
என் கதவருகேயும் ஒருவன் நின்றான்.
அவனுக்கும் அதைத்தான் சொன்னேன்,
ஒன்பது வருஷம்.

ஐம்பத்தெட்டில் மாலை வகுப்பில் சேர்ந்தேன், தத்துவம்.
வாய்மொழித் தேர்வில்
பேராசிரியை ஒர்ஷோயா கண்ணை மூடிக்கொண்டாள்.
மன்னியுங்கள், பள்ளி நாள்களில்
உங்களைக் கேட்டுக்கொண்டேதான் கணக்குப் போடுவேன், என்றாள்.
ஐந்துக்கு ஐந்து போட்டாள்.
என் வாதத்தின் இரண்டாம் படியில் ஓட்டை.
மறுநாள் போய் அதைக் காட்டினேன்.
வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு நாலாகக் குறைத்தாள்.
அந்த நாலைப் போல எதையும் நான் சம்பாதித்ததில்லை.

பிறகு ஒரு கட்டுரை,
வாயசைப்புக்காக வளைந்த அர்த்தங்களைப் பற்றி.
செகெட் நூலகத்தில் பேசக் கூப்பிட்டார்கள்.
பதினோரு பேர், அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
நாற்பது நிமிடம் பேசினேன்.
கேள்வி உண்டா என்றதும் ஒருவர் எழுந்தார்,
நனைந்த தொப்பி கையில்.
கைவிலங்கு மாட்டும்போது சொல்வீர்களே, அந்த ஒரு வரி.
என் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்,
பதிவு செய்து கொண்டுபோகிறேன்.

நெம் என்று சொல்லத்தான் உதட்டை மூடினேன்.
மூடிய உதடு திறந்து
அந்த வரியையே சொன்னது, முழு மூச்சோடு,
மனைவியின் பெயரையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டு.
பதினோரு பேரும் கைதட்டினார்கள்.
தத்துவம் கொஞ்ச நேரம் வெளியே மழையில் நின்றது.

திரும்பும் ரயிலில் அடுத்த கட்டுரையைத் திருத்தினேன்.
பதினாறு இடத்தில் 'தலான்'.
ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
எதிர் இருக்கைக்காரி சாண்ட்விச்சைப் பாதியில் நிறுத்தி
எங்கேயோ கேட்ட குரலைத் தேடினாள்.
பன்னிரண்டை அடித்து 'நெம்' என்று எழுதினேன்.
நாலை விட்டுவிட்டேன்.
அவை நிஜமாகவே ஒருவேளைதான்.